தனியொருவராகப் பங்க் பாடல்களைப் பாடுபவர்கள்: நேரில் கேட்டவர்களின் அனுபவங்கள்

கடலோரவாசி எழுதியது:

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு பப்பின் மூலையில் நான் கேட்ட கச்சேரி இது. மேடை என்று எதுவும் இல்லை. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு மடிக்கணினிக்கும் நடுவே, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மைக்குடன் நின்றிருந்தார். 1976-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட பங்க் என்னும் முரட்டு வேக ராக் பாடல்களையும், அதையொட்டி வந்த நியூ வேவ் பாடல்களையும் மட்டுமே ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போட்டுப் பாடுபவர் என்றார்கள். நால்வர் கூடி எழுப்பிய இரைச்சலைத் தனியொருவர் எப்படித் தாங்குவார் என்ற ஐயத்துடன்தான் உட்கார்ந்தேன்.

பிளாண்டி குழுவின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' அந்த ஐயத்தில் பாதியைப் போக்கியது. 1978-இல் அதைப் பதிவு செய்தபோதே ரோலண்ட் சிஆர்-78 என்னும் தாள இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதால், பிசகாத தாளத்தின் மேல் ஒரு பெண்குரல் அலட்சியமாக மிதப்பது அந்தப் பாட்டின் பிறவிக் குணம். பொன்னிறப் பொய்முடி இல்லாமல், அக்குழுவின் பாடகி டெபி ஹாரியைப் போல் நடிக்காமல் அவர் தம் குரலிலேயே பாடியது எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்காக்ஸ் குழுவின் 'எவர் ஃபாலன் இன் லவ்' வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இத்தகைய பாடல்களை மேடையில் வாசிக்கும்போது, கூட்டம் துள்ளத் துள்ள டிரம்மர் காலப்பிரமாணத்தை முடுக்கிக்கொண்டே போவார், மற்றவர்கள் மூச்சிரைக்க அவரைத் துரத்துவார்கள். ட்ராக் யாருக்காகவும் முடுக்காது. அதை நன்கு உணர்ந்தவர் போல, பல்லவி வந்த இடங்களில் எல்லாம் அவர் தாம் பாடாமல் மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார். நரைத்த தலைகள் எல்லாம் சேர்ந்து கத்தியதில் ட்ராக்கே காதில் விழவில்லை.

வடக்குக்காற்று எழுதியது:

நான் பார்த்தவர் ட்ராக்கே வைத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், வின்டர் கார்டன்ஸ் அரங்கில் ரெபெல்லியன் பங்க் விழா நடக்கும் நாட்களில், அருகிலுள்ள பப் ஒன்றில் ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாருடன் பாடினார். 'தி அண்டர்டோன்ஸ்' குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. 1978-இல் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அதை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார் அல்லவா, இவரும் முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விவரம் அறிந்தவர்கள் சிரித்தார்கள், அறியாதவர்கள் குடிபோதை என்று நினைத்திருக்கக்கூடும்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

கடலோரவாசி அவர்கள் குறிப்பிட்ட சிக்கலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிழக்கு லண்டனில் நான் கேட்ட இளம்பாடகி, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடல்களைப் பாடினார். சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் அக்குழுவின் பாடகியாக, 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் இனவெறி எதிர்ப்புக் கச்சேரியில் பாடியவர் என்பதால், அதே வட்டாரத்தில் அப்பாடல்களைக் கேட்க ஆவலுடன் போயிருந்தேன்.

அக்குழுவின் 1977-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் சாக்ஸபோன் வாசித்த லோரா லாஜிக் அப்போது பதின்வயதுப் பெண். முரட்டுத்தனமும் பிசிறும் கலந்த அந்த ஊதல்தான் பாட்டின் உயிர். ஆனால் விலைக்குக் கிடைக்கும் ட்ராக்குகளைக் கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கலைஞர்கள் புதிதாகப் பதிவு செய்வதால், சுருதி சுத்தமாக, பல்லிளிக்காமல், திருமண வரவேற்புக் கச்சேரி போல ஒலிக்கின்றன. இந்தப் பாடகி சாக்ஸபோன் வரும் இடங்களை வாயாலேயே அலறிக் காட்டினார். இடைவேளையில் விசாரித்தபோது, கருவிகளைத் தனித்தனித் தடங்களாகத் தரும் ட்ராக்குகளையே தேடி வாங்குவதாகவும், சாக்ஸபோன் தடத்தை முழுவதுமாக அடக்கிவிட்டு, டிரம்ஸ் ஒலியை வேண்டுமென்றே சற்றுக் கரகரப்பாக்கிக்கொள்வதாகவும் சொன்னார். அப்படிச் சாக்ஸபோனை அடக்க முடியாத பாடல்களை அவர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லையாம்.