புதுப்பிப்பு: ஒத்திசைந்த அலைகளின் திசை, வேகமான மேக்சிமம் லைக்லிஹுட்

பல ஆன்டெனாக்களை வைத்து, சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒரே சிக்னல் நேராகவும் சுவரில் பட்டுத் திரும்பியும் வந்தால், திசை கண்டுபிடிக்க வழக்கமாகப் பயன்படும் மியூசிக் (MUSIC) முறை திசைகளைப் பிரிக்காது; கிடைத்த அளவீடுகளுக்கு மிகவும் பொருந்தும் கோணங்களைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் பிரிக்கும், ஆனால் அந்தத் தேடலின் கணக்கு தாங்காது என்று அதில் சொன்னேன். இப்போது வழி கிடைத்துவிட்டது: ஜிஸ்கிண்ட், வாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆல்டர்னேட்டிங் புரொஜெக்‌ஷன் முறை.

180 கோணங்களில் மூன்று மூலங்களை (சிக்னல் வரும் மூன்று திசைகளை) ஒன்றாகச் சேர்த்துத் தேடினால் சுமார் 9.56 லட்சம் சேர்க்கைகள். இதிலோ இரண்டு கோணங்களை அப்படியே வைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் தேடுகிறோம், அப்புறம் அடுத்தது. ஒரு படிக்கு 180 கணக்குகூட இல்லை! ஒவ்வொரு படியிலும் லைக்லிஹுட் ஏறும், அல்லது அப்படியே நிற்கும், இறங்கவே இறங்காது. அழகான விஷயம் இது.

சரி, சிக்கல் எங்கே? அருகிலிருக்கும் ஏதோ ஒரு சின்ன உச்சியில் அது நின்றுவிடலாம். அதனால் தொடக்கம்தான் முக்கியம். முதலில் ஒரே மூலம் என்று வைத்துத் தீர்த்து, அந்தக் கோணத்தை அப்படியே வைத்து இரண்டாவதைச் சேர்த்து, அப்படியே மூன்றாவது. கண்மூடித்தனமாகத் தொடக்கக் கோணங்களைக் கொடுக்காதீர்கள்.

ஆன்டெனாக்கள் சம இடைவெளியில் ஒரே கோட்டில் இருந்தால் ஸ்டோய்க்காவும் ஷார்மனும் தந்த மோட் முறையையும் பாருங்கள். அதில் ஒரு பல்லுறுப்புக்கோவை பூஜ்ஜியமாகும் மதிப்புகளிலிருந்தே (roots) கோணம் கிடைக்கும்; கோணம் கோணமாகத் தேட வேண்டாம். அடுத்து அதைத்தான் எழுதிப் பார்க்கப் போகிறேன்.