பாதி எழுதிய நோட்டை எடைக்குப் போடுவதில் என்ன தவறு?

தண்டையார்பேட்டை அம்மா:
ஆண்டுத் தேர்வு முடிந்து மகனின் பையைக் கொட்டினால், ஆறு நோட்டுகளில் பின்பாதி வெள்ளையாகவே கிடக்கிறது. ஜூனில் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும், பழையதில் தொடரக் கூடாது என்று பள்ளியில் கண்டிப்பு. மிச்சத் தாள்களைத் தைத்து ரஃப் நோட்டாகவாவது அனுமதியுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 192 பக்க நீள நோட்டு ஏறத்தாழ கால் கிலோ. ஆறு நோட்டில் பாதி என்றால் பிள்ளைக்கு முக்கால் கிலோ. ஆயிரம் பிள்ளைகளுக்கு 750 கிலோ. ஒரு கிலோ தாளுக்கு ஆலையில் 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 37,500 லிட்டர். 9,000 லிட்டர் லாரி நான்குக்கு மேல்! 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்கள் எழுதாத தாளை எடைக்குப் போடலாமா?

ஆண்டர்சன் தெரு கடைக்காரர்:
அம்மா, கணக்கு சரி, முடிவு தவறு. அந்த 50 லிட்டரும் மாயமாகிவிடுவதில்லை. பெரும்பகுதி சுத்திகரித்து வெளியே வருகிறது. கரூர் பக்கம் புகளூர் காகித ஆலையிலிருந்து வரும் நீரில் சுற்றுவட்டார விவசாயிகள் பாசனமே செய்கிறார்கள். அதுவும் அது காவிரித் தண்ணீர். நீங்கள் நோட்டைத் தைப்பதால் தண்டையார்பேட்டைக் குழாயில் ஒரு சொட்டு கூடுதலாக வராது.

எழுதாத வெள்ளைத் தாள்தான் பழைய பேப்பர் வியாபாரத்தில் உயர்ந்த சரக்கு. மை நீக்கும் வேலை குறைவு. எடைக்குப் போட்டால் மறுசுழற்சி ஆலைக்குப் போய்த் தாளாகவோ அட்டையாகவோ திரும்புகிறது. இதில் எங்கே வீண்?

ஓய்வுபெற்ற ஆலைக்காரன்:
இருபது ஆண்டுக்கு மேல் காகித இயந்திரத்தருகே நின்றவன் என்பதால் சொல்கிறேன். இருவருமே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நீராவியை விட்டுவிட்டீர்கள்.

இயந்திரத்தின் கம்பி வலை மேல் பாயும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான், நார் ஒரு பங்குகூட இல்லை. வலையில் வடிகிற நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம்; அதனால்தான் ஒரு காலத்தில் டன்னுக்கு 150, 200 கன மீட்டர் குடித்த ஆலைகள் இன்று ஏறத்தாழ 50-க்கு இறங்கியிருக்கின்றன; அம்மா சொன்ன கிலோவுக்கு 50 லிட்டர் அதுதான். வலையைத் தாண்டினால் அழுத்தும் உருளைகள். எவ்வளவு பிழிந்தாலும் ஈரத்தாளில் பாதிக்குப் பாதி தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் பிழிய முடியாது, காய்ச்சித்தான் ஆக வேண்டும். நீராவி ஏற்றிய இரும்பு உருளைகளின் மேல் வரிசையாக ஓடவிட்டு ஈரத்தை ஐந்தாறு சதவீதத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒரு டன் தாளுக்கு ஏறத்தாழ ஒரு டன் தண்ணீர் ஆவியாகிறது. இயந்திரக் கூடத்தில் எரிபொருளைத் தின்பது இந்த இடம்தான்.

கடைக்காரர் ஐயா, நீங்கள் எடைக்குப் போட்ட தாளை மறுசுழற்சி ஆலையில் மறுபடி தண்ணீரில் கரைத்து, மறுபடி பிழிந்து, மறுபடி காய்ச்சுகிறார்கள். மரத்தை வேகவைக்கும் ஆலைக்காவது ஒரு சௌகரியம் உண்டு: மிஞ்சும் கறுப்புக் குழம்பை எரித்தே நீராவியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பழைய தாளைக் கரைக்கும் ஆலைக்கு அந்தக் குழம்பு ஏது? நிலக்கரியோ விறகோ வாங்கித்தான் எரிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது, அதுவும் சேர்த்தி.

எழுதிய தாளுக்கு மறுசுழற்சி நல்ல வழி, மறுக்கவில்லை. எழுதவே எழுதாத தாளைக் கரைப்பது எதற்கு என்பதுதான் கேள்வி.

எண்ணூர்க்காரன்:
நிலக்கரி என்றதும் வந்துவிட்டேன். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், வல்லூர் அனல்மின் நிலையம் 1,500. இரண்டின் சாம்பலும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் என்ன செய்திருக்கிறது என்று வந்து பாருங்கள். இதற்கிடையே முக்கால் கிலோ நோட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா? கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு நிலையம் கட்டினார்கள். அந்த மாதிரி வேலையைக் கேளுங்கள் அக்கா. பிள்ளையின் பையைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

தண்டையார்பேட்டை அம்மா:
தம்பி, கொடுங்கையூருக்குக் கூட்டம் நடத்த என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். பெற்றோர் கூட்டத்தில் வல்லூரைப் பற்றிப் பேசினால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? என் கைக்கு எட்டுவதைக் கேட்கிறேன்.

வியாசர்பாடி வாத்தியார்:
வகுப்பறையில் நிற்பவன் பக்கத்தையும் கேளுங்கள். தைத்த நோட்டு எந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்? பணமில்லாத வீட்டுப் பிள்ளையின் கையில். அடுத்த பெஞ்சில் புது அட்டை மினுக்கும். "நீ மட்டும் ஏன் பழசு?" என்ற கேள்விக்குப் பயந்தே சில பிள்ளைகள் நோட்டை வெளியே எடுக்க மாட்டார்கள். விருப்பமுள்ளவர் கொண்டுவரலாம் என்ற அனுமதி வேலைக்கு ஆகாது. மொத்த வகுப்புக்கும் ரஃப் நோட்டு தைத்ததுதான் என்று பள்ளியே விதித்தால் ஆதரிக்கிறேன்.

ஆண்டர்சன் தெரு கடைக்காரர்:
விதிக்கும் முன் ஒரு நோட்டைப் பிரித்துப் பாருங்கள் சார். நடுவில் கம்பிப் பின் அடித்த நோட்டில் பின்பாதித் தாள் ஒவ்வொன்றும் முன்பாதியில் எழுதிய தாளோடு ஒட்டிய ஒரே தாள். மடிப்பில் வெட்டினால் தனித்தனி ஏடுதான் மிஞ்சும். அதைப் பக்கவாட்டில் தைக்க வேண்டும். ஓரம் கொஞ்சம் தையலுக்குள் போய்விடும், விரித்தால் முழுதாக விரியாது. பைண்டர் கூலி புது நோட்டு விலையைத் தொட்டால் எந்தப் பெற்றோர் கொடுப்பார்?

ஓய்வுபெற்ற ஆலைக்காரன்:
கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டு எழுதினால் தையலே வேண்டாமே. முன்பாதியில் ஆறாம் வகுப்புக் கணக்கு, பின்னாலிருந்து ஏழாம் வகுப்பு ரஃப். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

வியாசர்பாடி வாத்தியார்:
ரஃப் நோட்டுக்குச் சரி. திருத்தும் நோட்டுக்கு மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள் ஐயா, நாற்பது நோட்டில் எது எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று தேட என்னால் ஆகாது.