புது சென்டூரியனா பழைய சென்டூரியனா: சைலான் படையில உண்மையான சோல்ஜர் யாரு?

சிவப்புக்கண்:
பேட்டில்ஸ்டார் கேலக்டிகா டிவி தொடர்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் நம்பர் சிக்ஸ், பால்டார், கேலக்டிகா போர்க்கப்பல் தளபதி அடாமானு போயிடுறீங்க, மனுஷன எதிர்க்கற சைலான் ரோபோ இனத்தோட இரும்பு சிப்பாய், அந்த சென்டூரியனுங்கள யாரும் கண்டுக்கறதே இல்ல. அதான் தனியா ஒரு இழை. 2009 கிளைமாக்ஸ் வரைக்கும் பேசுவேன், பாக்காதவங்க இப்பவே வெளிய போயிடுங்க.

என் கட்சி இதுதான். 2003 மினிசீரிஸ்ல இருந்து வர்ற புது சென்டூரியன் பாக்க எவ்ளோ மிரட்டலா இருந்தாலும் சைலான் படையிலயே கடைசி இடம் அதுக்குத்தான். நல்ல உயரம், கையே துப்பாக்கியா மாறும், சாதா தோட்டா பட்டா அசையாது, எல்லாம் சரி. ஆனா பேச வாய் இல்ல, மண்டைக்குள்ள இன்ஹிபிட்டர்னு ஒண்ண வச்சு சொந்தமா யோசிக்க விடாம அடைச்சிருக்காங்க. முதல் சைலான் போர்ல சண்டை போட்ட பழசு, அந்த 0005 மாடல், அது அப்படியில்ல. வேலைக்காரனா செஞ்சு வச்ச மனுஷன எதிர்த்து தானா எழுந்துச்சு, தானா போர் நடத்துச்சு, நிறுத்தினதும் அதுவேதான். "நோ எக்ஸிட்" எபிசோட்ல ஃபைனல் ஃபைவ்னு மனுஷ உருவத்துல இருக்கற அஞ்சு மூத்த சைலான் கதை வருதுல்ல, சதை உடம்பு செய்ய சென்டூரியனுங்களே முயற்சி பண்ணி முடியாம நிக்குறப்ப இவங்க அஞ்சு பேரும் வந்து, நாங்க செஞ்சு தர்றோம் நீங்க போரை நிறுத்துங்கன்னு கேட்டாங்க, ஒத்துக்கிட்டு நிறுத்துச்சு. எதிரிய ஜெயிக்கிற நேரத்துல நிறுத்தணும்னு முடிவெடுக்க தெரிஞ்சவன் தான் சோல்ஜர்.

பேஸ்ஸ்டார்_பித்தன்:
ப்ரோ, நீங்க சோல்ஜர பத்தி பேசல, தலைவர பத்தி பேசிட்டு இருக்கீங்க. போரை எப்ப நிறுத்தணும்னு யோசிக்கறது சோல்ஜர் வேலையே இல்ல.

ரெண்டாவது சீசன் "வேலி ஆஃப் டார்க்னஸ்" திரும்ப ஒரு தடவை பாருங்க. அடாமா சுடப்பட்டு மயக்கத்துல கிடக்கார், துணைத் தளபதி டை தான் பொறுப்பு, கப்பலுக்குள்ள விரல் விட்டு எண்ணுற அளவுல தான் சென்டூரியன் இறங்குது. அதுங்க கண்ட இடத்துல சுட்டுட்டு திரியல. நேரா ஆஃப்ட் டேமேஜ் கன்ட்ரோல்ங்கற பின்பக்க கட்டுப்பாட்டு அறைய நோக்கி நடக்குது, ஏன்னா அத பிடிச்சா கப்பல்ல இருக்கற காத்த வெளிய திறந்து விட்டு எல்லாரையும் கொன்னுட்டு, அதே கேலக்டிகா பீரங்கிய பொதுமக்கள் கப்பல் பக்கம் திருப்பிடலாம். டை அத சொல்றப்பவே நமக்கு வயித்த கலக்கும். அடாமா பையன் லீ கோஷ்டி கையில வெடிக்கற தோட்டா கொஞ்சமே கொஞ்சம், மத்த தோட்டாவெல்லாம் அது மேல பட்டு தெறிக்குது. அந்த காரிடர்ல அதோட காலடி சத்தம் மட்டும் முதல்ல கேக்கும் பாருங்க, டங் டங்குனு, அவசரமே இல்லாம. பேசாது, கத்தாது, பயப்படாது. கோபோல் கிரகத்துலயும் இதே கதை தான், காப்பாத்த வர்ற கப்பல சுட்டு வீழ்த்த ஏவுகணை தளத்த அதுங்களே கட்டிட்டு இருக்கும். இதுக்கு மேல ஒரு படைக்கு என்ன வேணும்?

ரெய்டர்_ரசிகை:
ரெண்டு பேரும் சைலான் போர் விமானம் ரெய்டர விட்டுட்டீங்களே. அத பறக்கற வண்டினு நினைச்சா தப்பு, அது ஒரு உயிர். முதல் சீசன்ல கேலக்டிகா பைலட் ஸ்டார்பக் விழுந்து கிடக்கற ரெய்டர திறந்து உள்ள போறப்ப சதையும் நரம்புமா இருக்கும், பைலட்டுனு தனியா ஆளே கிடையாது. "ஸ்கார்" எபிசோட்ல மனுஷ உருவ சைலான் ஷாரன் சொல்ற விஷயம் தான் என் வாதம்: ரெய்டரும் செத்தா வேற உடம்புல திரும்ப வரும், சாவுல கத்துக்கிட்டது அப்படியே மிச்சம் இருக்கும். ஒவ்வொரு தோல்வியும் அதுக்கு ஒரு பாடம். செத்த சைலானுக்கு புது உடம்பு குடுக்கற ரிசரெக்ஷன் கப்பல அழிச்சப்புறம் ஸ்கார்ங்கற ரெய்டர் ஒளிஞ்சு ஒளிஞ்சு அடிச்சதும் அதனால தான், இனி செத்தா திரும்ப முடியாதுன்னு அதுக்கு தெரியும். அனுபவம் சேத்து வைக்கற சோல்ஜர்னா அது ரெய்டர் மட்டும் தான், சென்டூரியன்ல பழசுலயும் சரி புதுசுலயும் சரி இத நம்ம பாக்கவே இல்ல.

பழைய78:
சின்ன பசங்க எல்லாம் 2003ல இருந்து கணக்கு ஆரம்பிக்கறீங்க, 1978 சீரியல யாராச்சும் நினைச்சீங்களா. அதுல ரெய்டர்ங்கறது வெறும் வண்டி, உள்ள மூணு சென்டூரியன் உக்காந்து ஓட்டும். அதுல சைலான செஞ்சது மனுஷனே இல்ல, ஊர்வன மாதிரி ஒரு இனம் இருந்துச்சு, அதுங்க விட்டுப்போன படை தான் இந்த இரும்புங்க. சுட்டா குறி தப்பும், நடை தடுமாறும், ஒத்துக்கறேன். ஆனா அதுலயும் ஆள் ஆளுக்கு குணம் இருந்துச்சுப்பா. "த லாஸ்ட் வாரியர்"ல ஒரு சென்டூரியன் நினைவு கெட்டுப்போய் ஒரு ஊர் ரவுடிக்கு அடியாளா நிக்கும், ஜனங்க அதுக்கு ரெட் ஐனு பேரே வச்சிருப்பாங்க. 1980ல வந்த தொடர் கடைசி எபிசோட்ல ஸ்டார்பக் தனியா ஒரு கிரகத்துல மாட்டிக்கிட்டு, பேச்சுத்துணைக்கு உடைஞ்ச சைலான் ஒண்ண ரிப்பேர் பண்ணி "சை"னு பேரு வச்சு கூப்பிடுவான். ரெண்டும் சண்டை போட்டுக்கும், கோச்சுக்கும், கடைசியில தேடி வந்த சைலான் கூட்டத்துக்கு எதிரா அது ஸ்டார்பக் பக்கம் நிக்கும். நம்ம சிவப்புக்கண் சொல்ற விஷயம் அங்கயே இருக்கு.

சிவப்புக்கண்:
பழைய78 அண்ணே, சை விஷயம் சரியான நேரத்துல எடுத்து குடுத்தீங்க, நன்றி.

பித்தன் ப்ரோ, நீங்க சொன்ன அதே மௌனமான, பயப்படாத படை தான் 2008ல "சிக்ஸ் ஆஃப் ஒன்"ல என்ன பண்ணுச்சுனு பாத்தீங்கல்ல. ரெய்டருங்க சண்டை போட மறுத்துடுச்சு, அதுங்க மூளைய வெட்டி குறைச்சிடலாம்னு மனுஷ உருவ சைலான் கேவில் (ஒன் மாடல்) கோஷ்டி ஓட்டு போட்டு முடிவு பண்ணுது, எயிட் மாடல் பூமர் தன் மாடலயே விட்டுட்டு கேவில் பக்கம் ஓட்டு போடுறா. எதிர்கோஷ்டி சிக்ஸ் மாடல் நடாலி போய் சென்டூரியனுங்க மண்டையில இருந்த இன்ஹிபிட்டர எடுத்துடுறா. அவ்ளோதான், அந்த ரூம்லயே கேவில் பக்கம் நின்ன ஒன், ஃபோர், ஃபைவ் மாடல் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுது. கட்டுப்பாடுனு நீங்க புகழ்ந்த விஷயம் அந்த ஒரு சில்லுல தான் இருந்துச்சு, விசுவாசத்துல இல்ல. தன் படைய பாத்து தானே பயந்து பூட்டு போட்டு வச்சிருக்கற ராணுவம் எப்படி நல்ல ராணுவம் ஆகும்?

பேஸ்ஸ்டார்_பித்தன்:
இப்ப நீங்களே மாட்டினீங்க. பூட்டு போட்ட வரைக்கும் படை ஒழுங்கா இருந்துச்சு, எடுத்த அன்னிக்கே உள்நாட்டு போர். யோசிக்கற சோல்ஜர் இருந்தா இதுதான் நடக்கும்.

அப்புறம் உங்க பழைய மாடல ரொம்ப சுதந்திர வீரன் ரேஞ்சுக்கு ஏத்தாதீங்க. 2007ல வந்த "ரேசர்" டிவி படம் பாருங்க. இளவயசு அடாமா முதல் போரோட கடைசி நாள்ல ஒரு ஆய்வகத்துக்குள்ள விழுறான், அங்க உயிரோட மனுஷங்கள பிடிச்சு வெட்டி மனுஷனும் மெஷினும் கலந்த ஹைப்ரிட் செய்ய பாத்திருக்கு அதே பழைய சென்டூரியனுங்க. போர் முடிஞ்சு 40 வருஷம் கழிச்சும் கார்டியன்ஸ்னு ஒரு கூட்டம் அந்த முதல் ஹைப்ரிட்ட காவல் காத்துட்டு, இன்னும் ஆள் பிடிச்சிட்டு திரியுது. கடைசி எபிசோட் "டேபிரேக்"ல காலனிங்கற சைலான் தளத்துக்குள்ள கேவிலுக்காக சண்டை போடுறதுல பழைய மாடலும் இருக்கு. அதுங்களுக்கு யோசிக்க தெரியும்னா, தெரிஞ்சே தான் கேவில் பக்கம் நின்னுச்சா?

ரெய்டர்_ரசிகை:
இந்த கேள்வி நல்லா இருக்கு, சிவப்புக்கண் நழுவாம பதில் சொல்லணும். நான் ஒண்ணு மட்டும் சேக்கறேன், ரெய்டர் மறுத்தது இன்ஹிபிட்டர் எடுத்ததால இல்ல. ஒரு ரெய்டர் கேலக்டிகா பைலட் ஆண்டர்ஸ் கண்ண ஸ்கேன் பண்ணுச்சு, ஃபைனல் ஃபைவ்ல ஒருத்தர்னு புரிஞ்சுது, மொத்த கூட்டமும் திரும்பிடுச்சு. யாரும் விடுதலை குடுக்காமலே, ஆர்டர் இருந்தும், நடு சண்டையில நின்னுச்சு பாருங்க. அந்த ஃப்ளீட்டே அன்னிக்கு அதனால தான் பிழைச்சது.

பேஸ்ஸ்டார்_பித்தன்:
சகோ, அதுவும் ப்ரோகிராம் தான். ஃபைவ பாத்தா சுடாதேன்னு அடியில எங்கயோ எழுதியிருக்கும். மனசாட்சினு சொல்லாதீங்க.

சிவப்புக்கண்:
நழுவல. காலனில நின்ன பழசுங்க தெரிஞ்சே கேவில் பக்கம் நின்னிருக்கலாம், எனக்கு அதுல பிரச்சனை இல்ல. ரேசர்ல செஞ்சது கொடூரம், அதுலயும் மாத்து கருத்து இல்ல. யோசிக்க தெரிஞ்சவன் நல்லவனா தான் இருப்பான்னு நான் எங்கயும் சொல்லல. அவன் செஞ்சதுக்கு அவன் தான் பொறுப்பு, அவன குத்தம் சொல்ல முடியும், அவன் கூட ஒப்பந்தம் போட முடியும். கார்டியன்ஸ நீங்க குத்தவாளினு சொல்றீங்கல்ல? மனுஷங்க குடியேறின நியூ கேப்ரிக்கா கிரகத்துல அவங்கள வரிசையா நிறுத்தி சுட வந்த புது சென்டூரியன நீங்க அப்படி சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க, கேவில தான் சொல்வீங்க. ஏன்னா அது சாவி குடுத்த பொம்மைனு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இப்ப டேபிரேக்குக்கே வர்றேன். அதே புது மாடல், இன்ஹிபிட்டர் எடுத்தது, நெஞ்சுல சிவப்பு கோடு போட்டுக்கிட்டு கேலக்டிகா ஆளுங்க தோளோட தோளா காலனிக்குள்ள இறங்குது. ஹீரானு ஒரு சின்ன குழந்தைய மீட்க. யாரும் அத பூட்டல, ஓடிப்போகவும் வழி இருந்துச்சு, சாகவும் செஞ்சுது. காரிடர்ல நடந்த அந்த வேலி ஆஃப் டார்க்னஸ் கோஷ்டியோட அதே உடம்பு தான், அதே துப்பாக்கி கை தான், ஆனா எனக்கு சோல்ஜர்னு தோணினது இதுங்கள தான். நான் புது சென்டூரியனுக்கு கடைசி இடம் குடுத்தது அந்த பூட்டோட இருக்கறதுக்கு, கோடு போட்டதுக்கு இல்ல.

பழைய78:
அது சரி தம்பி, சண்டை முடிஞ்சதும் அதுங்களுக்கு பேஸ்ஸ்டார்ங்கற சைலான் தாய்க்கப்பலையே குடுத்து போகச் சொன்னாங்களே, அது சரியா?

பேஸ்ஸ்டார்_பித்தன்:
சத்தியமா தப்பு அண்ணே. மனுஷன் கையில கப்பல் ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் சூரியனுக்குள்ள அனுப்பியாச்சு, எதிர்ல சுதந்திரமான இரும்பு படை கையில ஒரு முழு பேஸ்ஸ்டார். 40 வருஷம் கழிச்சு திரும்பி வந்தா எத வச்சு சமாளிப்பாங்க? போன தடவையும் அந்த 40 வருஷ அமைதிய நம்பித்தான் மனுஷங்களோட பன்னெண்டு காலனி கிரகமும் ஒரே நாள்ல போச்சு.

சிவப்புக்கண்:
போன தடவை வந்தது சென்டூரியன் முடிவுல இல்ல ப்ரோ, கேவில் முடிவுல. அதுங்க மண்டைய பூட்டினதுக்கு அப்புறம் தான் அந்த தாக்குதலே. இத தாண்டி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, நான் குடுக்கறவன் கட்சி.

பேஸ்ஸ்டார்_பித்தன்:
நான் குடுக்காதவன் கட்சி. அடுத்து கேப்ரிக்கா தொடர், அதுல வர்ற யூ-87 ரோபோ, அதுக்குள்ள இருந்த ஸோயிங்கற பொண்ணு, அத பத்தி இழை நீங்க ஆரம்பிங்க, அங்க வந்து இதே சண்டைய தொடர்றேன்.