கேமன் ஜிடி4: இரும்பு டிஸ்க்கா, செராமிக்கா? மேனுவலா, பிடிகேவா?

வணக்கம் நண்பர்களே. பழைய போர்ஷே 718 கேமன் கார் ஒன்று வாங்கப் பல நாளாகத் தேடுகிறேன். அதன் ஜிடிஎஸ் 4.0, ஜிடி4 வகைகள் இரண்டில் ஒன்று என்பது முடிவு. ஜிடி4 ஆர்எஸ் வகை பிடிகேயில் (போர்ஷேயின் இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) மட்டுமே வந்தது, அதனால் அது கணக்கில் இல்லை.

என் குழப்பமே பிரேக்கில்தான். ஜிடிஎஸ்ஸில் முன்னே 350, பின்னே 330 மி.மீ. இரும்பு டிஸ்க். ஜிடி4-இல் நான்கு சக்கரத்துக்கும் 380. செராமிக் டிஸ்க் எடுத்தால் முன்னே 410, பின்னே 390, எடையும் இரும்பில் ஏறக்குறைய பாதி. ஆனால் போன வாரம் பார்த்த மஞ்சள் காலிப்பர் (செராமிக் பிரேக்கின் அடையாளம்) வண்டியில், சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கின் விளிம்பில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. டிராக்கில் மணல்குழிக்குள் இறங்கிய வண்டியோ என்று சந்தேகம். அந்தச் சில்லோடு ஓட்டலாமா, இல்லை டிஸ்க்கையே மாற்ற வேண்டுமா? செராமிக்கைக் கழற்றி வைத்துவிட்டு டிராக்குக்கு இரும்பு டிஸ்க் போட்டு ஓட்டுபவர்கள் இருந்தால், பேடல் உணர்வு எப்படி மாறுகிறது என்று அவசியம் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸில் என் மனம் ஆறு வேக மேனுவல் பக்கம்தான். 0-100க்கு ஜிடி4 மேனுவல் 4.4 நொடி, பிடிகே 3.9, அந்த அரை நொடி எனக்குப் பெரிதில்லை. ஆனால் மேனுவலில் இரண்டாம் கியரே 130 கி.மீ.யைத் தாண்டி இழுக்கிறது. சாதாரணச் சாலையில் இது சலிப்பூட்டுகிறதா? இரண்டையும் ஓட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.