ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குதா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருப்பூர்க்காரன்:

வண்டியை நன்றாக வாக்யூம் போட்டுச் சுத்தம் செய்து வாங்கி வந்த மறுநாள் காலை, டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு லைட். வட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் படம், தெரியும்தானே. வழக்கமாகச் சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைந்துவிடும், அன்று அணையவில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினால் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, சைடு ஏர்பேக்கில் கோளாறு, சீட்டோடு சேர்ந்த பார்ட், மாற்றியே ஆகவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், எனக்குத் தலை சுற்றியது. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பெரிய கடையெல்லாம் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சீட்டைக் கடைசியா யாரு நகர்த்தினாங்க?" என்பதுதான். பேட்டரி மைனஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கும் அவருக்கும் டீ சொல்லி, பொறுமையாகக் குடித்து முடித்த பிறகுதான் சீட்டுக்கு அடியில் கையே விட்டார். உள்ளே ஒயர்களை இணைக்கும் ஒரு மஞ்சள் கப்ளர். பூட்டு முழுதாக விழாமல் பாதி வெளியே நின்றது. வாக்யூம் குழாயை உள்ளே விட்டுத் துழாவியபோது ஒயரை இழுத்திருக்கிறார்கள். கப்ளரைக் கழற்றி, ஸ்பிரே அடித்துத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, ஒயர் தொங்காமல் டை போட்டுக் கட்டினார். அப்புறம் ஸ்கேனரில் கோடை, அதாவது கோளாறைக் குறிக்கும் எரர் கோடை, அழித்தார். லைட் போயே போச்சு. அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் சர்வீஸ் சென்டர்காரர்களுக்குக் கோபம் வரும்.

இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

தினமும் இதே வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். எங்களிடம் ஏர்பேக் லைட் என்று வருகிற வண்டிகளில் ஏர்பேக்கே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கப்ளர், ஒயர், ஸ்டீயரிங்குக்கு உள்ளே இருக்கும் ஸ்பைரல் கேபிள், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

காரணம் எளிது. ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் சின்னத் திரி இருக்கிறதே, அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறக்குறைய 2 ஓம்ஸ்தான். ஏர்பேக் மாட்யூல், அதாவது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அந்தத் திரி வழியாக மிகச் சிறிய கரண்டை அனுப்பி, வழி சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கப்ளர் பின்னில் கொஞ்சம் துரு ஏறி ஓரிரு ஓம்ஸ் கூடினாலே போதும், 'ரெசிஸ்டன்ஸ் அதிகம்' என்று கோடு போட்டு லைட்டை எரித்துவிடும். சின்னக் கரண்டில் ஓடும் வேறு பல சர்க்யூட்களில் இந்த அளவு துரு இருப்பது நமக்குத் தெரியக்கூடச் செய்யாது.

டீ குடிக்க வைத்தாரே அந்த எலக்ட்ரீஷியன், அவர் விவரமானவர். மாட்யூலுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. மோதும்போது பேட்டரி ஒயர் அறுந்துபோனாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதனால் பேட்டரியைக் கழற்றினாலும் உடனே உயிர் போகாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் 1 நிமிஷம் என்பார்கள், சிலர் 3, சிலர் 10. நான் எல்லா வண்டிக்கும் பத்துதான்.

இன்னொன்று, தயவுசெய்து மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கின் இரண்டு பின்னில் வைத்து ஓம்ஸ் பார்க்காதீர்கள். மீட்டரும் கரண்டை அனுப்பித்தான் அளக்கிறது, அதுவே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம். ஏர்பேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் 2 ஓம்ஸ் ரெசிஸ்டரைத் தற்காலிகமாகச் சொருகிப் பார்க்க வேண்டும். கோடு அழிந்து திரும்ப வராவிட்டால் சந்தேகம் ஏர்பேக் மேல், அப்படியே இருந்தால் ஒயரிங் மேல். பார்த்து முடித்ததும் ரெசிஸ்டர் வெளியே வந்துவிட வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே யாராவது எழுதும்போது புரியும்.

புது டிரைவர்:

அண்ணே, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அப்புறம் என்னிடம் புளூடூத் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, அதில் எந்தக் கோடும் காட்டவில்லை. அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

இல்லை தம்பி. ஏர்பேக் கோடு மாட்யூலின் மெமரியிலேயே பதிந்திருக்கும், பேட்டரியைக் கழற்றினால் அழியாது. அந்த மலிவு ஸ்கேனர் இன்ஜின் கோடைத்தான் படிக்கும், 'P' என்று தொடங்குமே அது. ஏர்பேக்குக்கு எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக் சிஸ்டத்தின் பெயர்) படிக்கிற ஸ்கேனர் வேண்டும். வாங்காதே, தெரிந்த கடையில் காட்டு.

நெல்லை டூரிஸ்ட்:

என் வண்டிக்கு வேறு மாதிரி. முதலில் ஹார்ன் அடிக்கவில்லை. வளைவில் திரும்பும்போது மட்டும் அடிக்கும், நேராக வந்தால் அடிக்காது. நம்ம ஊரில் ஹார்ன் இல்லாமல் டாக்ஸி ஓட்டுவதா? அதை ரிலே, ஃபியூஸ் என்று தேடிக்கொண்டிருந்தபோதே ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை, பின்னாலேயே ஏர்பேக் லைட்டும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்தால் ஸ்பைரல் கேபிள்தான் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு தட்டையான டப்பாவுக்குள் கேசட் டேப் மாதிரி சுருண்டு கிடக்கிறது அந்த ரிப்பன். நாம் திருப்பத் திருப்ப அது சுருண்டு விரிகிறது.

காரணத்தையும் கண்டுபிடித்தோம். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு இடத்தில் ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதை டயருக்குக் கொண்டுபோகும் பாகம்) வேலை நடந்தது. ராக்கை இறக்கி வைத்திருந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கட்டிவைக்காமல் விட்டிருக்கிறார்கள், யாரோ அதை விளையாட்டாகச் சுழற்றியிருக்கிறார்கள். ரிப்பன் எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு பாதி கிழிந்துவிட்டது. புது கேபிள் போடும்போதும் இதே கண்டம் உண்டு. ஒரு பக்கம் மெதுவாக முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து பாதித் தூரம் திரும்பி வந்து, டப்பாவில் இருக்கும் அம்புக்குறி சேர்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும், டயரும் நேராக இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன், செய்தவர் நல்ல பையன், அவசரப்படவில்லை. கழற்றிய ஏர்பேக்கைத் துணி விரித்து, எம்பளம் மேலே பார்க்கும்படி வைத்தான். ஏன் கவிழ்த்து வைக்கக்கூடாது என்று கேட்டேன். தப்பித்தவறி வெடித்தால் கூரைக்குப் பறக்கும் சார் என்றான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

வேளச்சேரி வாசி:

எங்கள் பக்கம் வெள்ளக் கதைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டிக்குள் சீட் நனையும் அளவுக்குத் தண்ணீர். இன்ஜினைத் திறந்து பார்த்தார்கள், ஆயில் மாற்றினார்கள், கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போட்டார்கள், வண்டி ஓடியது. எல்லாரும் இன்ஜினைப் பற்றியே பேசினோம். கோடை முடிகிற நேரத்தில் ஏர்பேக் லைட் வந்தது.

ஏர்பேக் மாட்யூல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு தரையாக, போல்ட் போட்டு இறுக்கி. மோதலின் அதிர்வை உணர்கிற சென்சார் அதற்குள்ளேயே இருப்பதால் வண்டியின் உடம்போடு ஆடாமல் அசையாமல் ஒட்டியிருக்க வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் குளிப்பதும் அதுதான். சென்டர் கன்சோலைக் கழற்றிக் கப்ளரைப் பிடுங்கியபோது பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. துடைத்துப் போட்டால் சில நாள் ஓடும், திரும்ப வரும் என்றார்கள். மாட்யூலையே மாற்றி, என் வண்டிக்கு ஏற்றபடி கோடிங் போட்டுத்தான் முடிந்தது. இன்சூரன்ஸ் கணக்கை அதற்கு முன்பே முடித்துவிட்டதால் கைக்காசு. தண்ணீரில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் க்ளைம் முடிவதற்கு முன்பே இந்த மாட்யூலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரை மச்சான்:

கோவை அண்ணன் ரெசிஸ்டர் பற்றிச் சொன்னாரே, அதை நேரில் பார்த்தேன். என் மச்சினனுக்கு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போயிருந்தோம். வெளியே பளபளவென்று இருந்தது, ஓட்டம் குறைவு, விலையும் படிந்தது. சாவியைப் போட்டேன், ஆயில் லைட், பேட்டரி லைட் எல்லாம் வந்தன, ஏர்பேக் லைட் மட்டும் வரவே இல்லை. விற்பவர், "பாருங்க சார், ஒரு கம்ப்ளைண்ட் லைட்கூட எரியலை" என்று பெருமையாகச் சொன்னார். சாவி போட்டதும் அது வந்து அணைய வேண்டும். வராமலே இருப்பதுதான் ஆபத்து.

ஒன்று சொல்லிவிடுகிறேன், லைட் வரவில்லை என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள். இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம் என்று வந்தது 2021-ல். 2019-க்கு முந்தைய பல பேஸ் வேரியண்ட்களில், அதாவது குறைந்த விலை மாடல்களில், ஏர்பேக்கே இருக்காது. ஆனால் நாங்கள் பார்த்த வண்டியின் ஸ்டீயரிங்கில் ஏர்பேக் என்று எழுதியிருந்தது.

எங்களோடு வந்த மெக்கானிக் டேஷ்போர்டை டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்கு எதிரே மூடி தெரிய வேண்டிய இடத்தில் அதன் விளிம்பே தெரியவில்லை, புட்டி போட்டு பெயிண்ட் அடித்த வழவழப்பு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் இருக்கும் லேபிளைப் பார்த்தார். ஒரு பக்கத்து பெல்ட் வண்டி வந்த வருஷத்துக்கு ரொம்பப் பிந்தியது. விற்பவர் முகம் மாறிவிட்டது. கழற்றிப் பார்க்கிறோம் என்றதும் முதலில் மறுத்தார், அப்புறம் அவரே, தனக்கும் தெரியாது, தானும் வாங்கி விற்பவன்தான் என்றார். ஸ்டீயரிங் மூடிக்குப் பின்னால் மஞ்சள் கப்ளரில் ரெசிஸ்டர் செருகி டேப் சுற்றியிருந்தது. பை இருக்க வேண்டிய இடம் காலி. லைட்டையும் எதற்கு எடுத்தார்களோ, ரெசிஸ்டர் போட்டும் அணையாமல் இருந்திருக்கும்போல.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

அதுதான் விஷயம். ஏர்பேக் ஒருமுறை வெடித்துவிட்டால் மாட்யூலில் மோதல் விவரம் பதிந்து பூட்டிக்கொள்ளும். சாதாரண ஸ்கேனரில் அழியாது. ரெசிஸ்டரை வைத்து மாட்யூலை ஏமாற்றலாம், இந்தப் பதிவை ஏமாற்ற முடியாது, ஆகவே பல்பையே பிடுங்கிவிடுகிறார்கள். சிலர் அதைவிடக் கெட்டிக்காரர்கள், லைட்டை ஆயில் லைட்டோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் சரியாக ஒரே நொடியில் அணைந்தால் சந்தேகப்படுங்கள்.

சேலம் பாடி ஷாப்:

அண்ணே, ஒரு கேள்வி. மாட்யூலின் மெமரி சிப்பில் இருக்கும் பதிவை அழித்துக் கொடுக்கிறார்களே, அதையும் தப்பு என்பீர்களா? புது மாட்யூல் விலைக்குப் பல கஸ்டமர் வண்டியையே விட்டுவிடுவார்கள். சின்ன இடி, ஏர்பேக் வெடிக்கவில்லை, சீட் பெல்ட் பிரிடென்ஷனர் மட்டும் வெடித்துப் பெல்ட் இறுகிக்கொண்டது என்ற கேஸில் பெல்ட்டைப் புதிதாகப் போட்டு, சிப்பை அழித்துப் போடுவது நடைமுறையில் இருக்கிறதுதானே.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். கம்பெனிகள் மாற்றத்தான் சொல்கின்றன. நான் செய்வதில்லை. ஒருமுறை வெடிக்க வைத்த மாட்யூல் அடுத்த முறையும் சரியாக வெடிக்க வைக்கும் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? கஸ்டமர் வேறு இடத்தில் செய்துகொண்டால் அது அவர் விருப்பம். நீங்கள் செய்வதானால் வெடித்த பார்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டு, அழித்த விஷயத்தைப் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

கிள்ளான் வாசி:

வணக்கம், மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் லைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், லைட்டே எரியாத கோளாறு ஒன்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். தக்காத்தா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக். பையை ஊதுவதற்கு அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டுப் பல வருஷத்தில் அது கெட்டு, வெடிக்கும்போது வேகம் தாங்காமல் உலோகக் கூடே உடைந்து சில்லு சில்லாக முகத்தில் பாயும். 2014-ல் சரவாக்கில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் அப்படி இறந்தார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள், 2017-ல் அந்த கம்பெனியே திவாலானது. எங்கள் ஊர் மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடங்களில்தான் ஆபத்து அதிகம், சென்னைக் கடலோரமும் அந்தக் கணக்கில் வரும்.

இதை ஸ்கேனர் காட்டாது. திரி சரியாக இருக்கும், 2 ஓம்ஸ் சரியாகக் காட்டும், ஏர்பேக்குக்கு உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றி மாட்யூலுக்கு ஒன்றும் தெரியாது. சேஸிஸ் நம்பரை எடுத்துக் கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். என் அண்ணன் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கியவர்களுக்குக் கடிதம் போய்ச் சேராது, நாமேதான் தேட வேண்டும்.

திருப்பூர்க்காரன்:

அண்ணே, இது தெரியவே தெரியாது. எங்கள் அப்பா ஓட்டுவது பழைய வண்டி, இன்றைக்கே நம்பரைப் போட்டுப் பார்க்கிறேன்.

புது டிரைவர்:

கடைசியாக ஒன்று. அம்மா டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டச் சொல்கிறார்கள், அப்பா முன்னால் பம்பர் கார்டு போடச் சொல்கிறார், எனக்கு சீட் கவர் மாற்ற ஆசை.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:

பிள்ளையாரை ஏர்பேக் மூடி மேல் ஒட்டாதே. கண் இமைப்பதற்குள் மூடி திறக்கும், சிலை அப்படியே பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்துக்கு வரும். நடுவில், ஏசி வென்ட்டுக்கு மேலே பூ மாதிரி லேசாக ஏதாவது வைத்துக்கொள். பம்பர் கார்டைப் பற்றி அப்பாவிடம் நீயே பேசு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, இடியின் விசை சென்சாருக்குப் போகும் விதமும் அதனால் மாறிவிடும். சீட் கவர் போடுவதற்கு முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருக்கிறதா பார். இருந்தால் அந்தப் பக்கத் தையல் கிழிந்து பை வெளியே வரும்படி தைத்த கவர்தான் வேண்டும். கடையில் கேள், "எல்லாம் ஒண்ணுதான் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போ.