பழைய கன்ரர் லொறிக்கு டேர்போ பொருத்துவதா, இஞ்சினைச் சீர்செய்வதா?

கேள்வி – கந்தளாய் லொறிக்காரன்

கந்தளாய் ஆலைகளிலிருந்து கண்டிக்கு அரிசி ஏற்றும் மிற்சுபிசி கன்ரர் லொறி ஒன்றை வைத்திருக்கிறேன். டேர்போ (கழிவுப் புகையின் விசையால் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத 4டி33 இஞ்சின், 4,214 சிசி. ஹபரணை, தம்புள்ளை வரை அதைக் குறை சொல்ல முடியாது. மாத்தளையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இழுவை விழுந்துவிடுகிறது; பின்னால் வருபவருக்கு வீதி தெரியாத அளவுக்குக் கரும்புகை வருகிறது; வெப்பமானியின் முள்ளும் ஏறுகிறது. இம்முறை புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. பாவித்த டேர்போ ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1 – உப்புவெளி மெக்கானிக்

தம்பி, கரும்புகை என்பது உள்ளே செல்லும் காற்றால் எரிக்க முடிந்ததைவிட அதிகமான டீசல் தெளிக்கப்படுகிறது என்பதன் அடையாளம். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது என்றும், வெண்புகை என்றால் டீசல் எரியாமலோ தண்ணீர் கலந்தோ வெளியேறுகிறது என்றும் சந்தேகிக்கலாம்; உங்கள் லொறிக்கு அந்த இரண்டும் இல்லை என்பது நல்ல செய்தி. முதலில் காற்று வடிகட்டியையும், அதிலிருந்து இஞ்சினுக்குச் செல்லும் றப்பர் குழாயையும் பாருங்கள். பழைய குழாயின் உட்புறம் உரிந்து, இஞ்சின் வேகமாக இழுக்கும்போது மட்டும் வழியை அடைத்துவிடுவதுண்டு. நிறுத்தி வைத்துப் பார்த்தால் அது தெரியாது. பிறகு சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்ரர்களைக் கழற்றி, அழுத்தத்தையும் தெளிப்பையும் சோதிப்பியுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.40 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

இவற்றைவிட நான் சந்தேகிப்பது, இன்ஜெக்ரர்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப்பைத்தான். இழுவை போதவில்லை என்று யாராவது அதிலுள்ள முழுச்சுமைத் திருகை (அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) திருப்பி டீசலைக் கூட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் இது பழைய வைத்தியம். இரண்டு மாதம் சுகமாக இருக்கும், அதன்பின் டீசல் செலவு முதுகை முறிக்கும். பம்ப்பைச் சோதனை மேசையில் ஏற்றி அளந்து பார்க்காமல் வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

பதில் 2 – மூதூர் வாசகர்

முள் ஏறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலோரக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றும் பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் குழாய்களின் உள்ளே படிய, வெளியே உப்புக்காற்று தகடுகளை அரிக்கிறது. ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்வித்து, வடித்த நீருடன் குளிரூட்டித் திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள். மாரிகாலத்தில் டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரையும் அடிக்கடி வடித்துவிட வேண்டும்.

பதில் 3 – சீனக்குடா சாரதி

நான் டேர்போ பொருத்திக் கெட்டவன். முதல் சில மாதங்கள் லொறி பறந்தது. பின்னர் ஓர் ஏற்றத்தில் பிஸ்டன் உருகி, இஞ்சின் முழுவதையும் பிரிக்க நேர்ந்தது. டேர்போவுக்கு ஒயில் போகவும் திரும்பவும் தனி வழி வேண்டும். பிஸ்டனின் அடியைக் குளிர்விக்க ஒயில் பீச்சி வேண்டும். கழிவுப் புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி வேண்டும். எனக்கு இவற்றில் முதலாவது மட்டுமே இருந்தது. மிற்சுபிசியின் டேர்போ உள்ள 4டி34 இஞ்சினுக்கு சிலிண்டர் விட்டம் 104 மில்லிமீற்றர், உங்களுடையதற்கு 108. தயாரித்தவர்களே டேர்போவுக்கென்று தனி இஞ்சின் அமைத்திருக்கும்போது, பழைய லைனரையும் (சிலிண்டரின் உட்குழல்) பிஸ்டனையும் நம்பி நாம் காற்றைத் திணிப்பது துணிச்சல் அல்ல. இழுவை உண்மையாகவே போதாது என்றால் டேர்போவுடன் வந்த இஞ்சினையே முழுமையாக மாற்றுங்கள். ஆனால் இஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பம்ப்பைக் கழற்றிச் சோதிப்பித்தோம்; உப்புவெளி அண்ணை சொன்னபடியே டீசல் அளவு கூட்டப்பட்டிருந்தது. இரண்டு இன்ஜெக்ரர்கள் தெளிக்காமல் ஒழுகின. அவற்றின் முனைகளை மாற்றி, பம்ப்பைக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்து, ரேடியேற்றரையும் சுத்தம் செய்தோம். கடந்த வாரம் அதே சுமையுடன் கண்டிக்கு ஏறியபோது முள் நடுவில் நின்றது. கியரை ஒரு படி முன்னதாகவே குறைக்க வேண்டியிருந்தாலும் புகை இல்லை. டேர்போவுக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை.