பெங்களூர் கடை ஆர்டர்: எடுக்கலாமா வேண்டாமா? ரெண்டு குட்டிங்க வேற இருக்குது

பாப்பாரப்பட்டி பொம்மைக்காரி
எல்லாருக்கும் வணக்கங்க. நான் தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டி. வீட்லயே துணி பொம்மை செஞ்சு விக்கிறேன், காடாத்துணிய கடுக்காய், மாதுளந்தோல், மஞ்சிட்டி வேரு வச்சு சாயம் போட்டு உள்ள இலவம்பஞ்சு அடைச்சு கையாலயே தைக்கிறது. பெரியவ ரெண்டாவது படிக்கிறா, சின்னவனுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல, கைல கெடச்சதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அவன மாதிரி குழந்தைங்க கடிச்சாலும் பயமில்லாம இருக்கணும்னுதான் பாலியெஸ்டர் இல்ல, கெமிக்கல் சாயம் இல்லன்னு ஆரம்பத்துல இருந்தே பிடிவாதமா இருக்கேன். பக்கத்து தெரு அக்காங்க நாலு பேர் தைச்சு குடுக்கறாங்க, பீஸ் குடுத்த அன்னைக்கே கூலி.

இப்ப பெங்களூர்ல ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு 500 பொம்மை கேக்கறாரு. ஒன்னு 150 ரூபாயாம், நான் நேரா விக்கிறது 380. கட்டுப்படி ஆகாதுங்கன்னா, பாலியெஸ்டர் ஃபைபர் அடைங்க, கடை கலர் துணியே போடுங்க, யாரு பிரிச்சு பாக்கப் போறாங்கன்றாரு. ஆனா 'இயற்கை சாயம், கைத்தையல்'னு அட்டை மட்டும் தொங்கவிடணுமாம்! வீட்டுக்காரர் எடுத்துக்கோன்றாரு, ஸ்கூல் ஃபீஸ் நிக்குது, அதுவும் நியாயம்தான். அத்தை பகல்ல சின்னவன பாத்துக்குவாங்க, ஆனா அவங்களுக்கும் முட்டி வலி. நான் ஊசி எடுக்கறதே புள்ளைங்க தூங்கின பிறகு. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

ஓசூர் டைலரக்கா
கண்ணு, கொள்கை பேச்ச ஒரு ஓரமா வை, முதல்ல கணக்கு போடு. துணி ஒரு 35, பஞ்சு 25, நூல் சாயம் விறகு எல்லாம் 15, தையல் கூலி 90ன்னு வச்சாலே 165 ஆச்சு, உன் ராத்திரி முழிப்புக்கு இதுல ஒத்த பைசா இல்ல. ஃபைபர் போட்டா பஞ்சுல பத்து பதினஞ்சு மிச்சமாகும், அவ்ளோதான். அப்புறமும் 150க்கு குடுத்து கைல ஏதாவது நிக்கணும்னா எங்க கை வைப்ப, அந்த அக்காங்க கூலிலதான் வைக்கணும். அவரு கேக்கறது பஞ்ச மாத்த இல்ல, கூலிய கொறைக்க. கடைக்காரங்க எம்.ஆர்.பி.ல பாதி கேக்கறது வழக்கம்தான், அதுல தப்பில்ல, அப்ப நீ 190க்கு கீழ எறங்காத, அதுவும் 500 வேண்டாம், எவ்ளோ முடியும்னு நீ சொல்லு. அட்டை விசயம் பேசவே வேண்டாம், பொய் எழுதி தொங்கவிடறதுக்கு பேரு யாவாரமா?

கிருஷ்ணகிரி கணக்கர்
ஒரு முக்கியமான சமாச்சாரம் யாரும் சொல்லலைங்க. 14 வயசுக்குள்ள புள்ளைங்க விளையாடற பொம்மைக்கு 2021 ஜனவரில இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், துணி பொம்மையும் அதுல வரும். ஆனா மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கு கீழ இருக்கிற கைவினை வளர்ச்சி ஆணையர் ஆபீஸ்ல பதிவு பண்ணின கைவினைஞர் தானே செஞ்சு விக்கிற பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால இந்த ஆர்டர் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் அந்த ஆபீஸ்ல குடுக்கற கைவினைஞர் அடையாள அட்டைக்கு, அதான் ஆர்ட்டிசான் கார்டு, முதல்ல விண்ணப்பம் போடுங்க. கடை துணில மிஷின் தையல்னு போயிட்டா அப்புறம் கைவினைன்னு எப்படி நிக்கறது, அத யோசிங்க.

ரெண்டாவது ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள்ளயே பொருள் வித்தா வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல. பெங்களூர் வேற மாநிலம், பொதுவா முதல் ரூபாய்க்கே பதிவு கேப்பாங்க, ஆனா அரசு பட்டியல்ல இருக்கிற கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரைக்கும் விலக்கு இருக்கு. பான் கார்டும், சரக்கு அனுப்பறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற ஈ-வே பில்லும் வேணும். உங்க பொம்மைக்கு எந்த ஹெச்.எஸ்.என். கோடுன்னு, அதான் வரிக்காக பொருள வகை பிரிக்கற நம்பர், ஆடிட்டர்ட்ட ஒரு தடவ காட்டிருங்க. உத்யம்னு சிறுதொழிலுக்கான பதிவு ஆன்லைன்ல இலவசம், அதுக்கு காசு கேக்கற ஏஜென்ட் கிட்ட போகாதீங்க.

காவேரிப்பட்டணம் ரெண்டு பிள்ளைக்காரி
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்துல கொள்கை மட்டும் வச்சு என்ன பண்றது? நான் கல்யாண சீசன்ல தாம்பூலப் பை தைக்கிறேன், மிஷின் தையல், கடை துணி, எந்த அட்டையும் கெடையாது, கேட்டா இதுதான்னு சொல்லிடுவேன். அந்த காசு வீட்ட ஓட்டுது, அதனாலதான் என் கைத்தையல் குழந்தை துணிய யாருக்கும் அடிமாட்டு விலைக்கு குடுக்க வேண்டியதில்ல. அந்த கடைக்காரருக்கு சாதா துணி பை வேணுமான்னு கேட்டு பாருங்களேன். பொம்மைய தொடாதீங்க, அது வேற கணக்கு.

அப்புறம் புள்ளைங்க தூங்கின பிறகுதான் வேலைன்னு எல்லாத்தையும் ராத்திரிக்கு தள்ளாதீங்க அக்கா. துணி வெட்டறது, கண்ணு மூக்கு எம்பிராய்டரி மாதிரி கண்ண உறுத்தற வேலைய பகல்ல அத்தை பாத்துக்கற நேரத்துல வச்சுக்கங்க. பஞ்சு அடைக்கறது, கணக்கு எழுதறது ராத்திரிக்கு போதும். பெரியவள வேலைக்கு கூப்பிடாதீங்க, ஆசைப்பட்டா ரெண்டு பொம்மைக்கு பேரு வைக்கட்டும்.

அரூர்க்காரன்
எங்க பக்கம் சிட்டிலிங்கியில லம்பாடி பெண்கள் நடத்தற போர்கைங்கற அமைப்ப ஒரு தடவ போய் பாருங்க. அழிஞ்சே போயிருக்க வேண்டிய அவங்க பாரம்பரிய எம்பிராய்டரிய மீட்டெடுத்து துணி, பைன்னு செஞ்சு விக்கறாங்க. வீட்டு வேலை, காட்டு வேலை, புள்ளைங்கன்னு இருக்கறவங்கதான் தைக்கறதும். விலை, கூலி எப்படி வைக்கறாங்கன்னு அவங்கட்டயே கேளுங்க, ஃபோன்ல பேசறத விட நேர்ல நல்லது.

சாயம் பத்தி, தீபாவளின்னா ஐப்பசி, செப்டம்பர் அக்டோபர்லதான் நம்ம பக்கம் நல்ல மழ, நிழல்ல துணி காயாம பூஞ்சை வாசம் புடிச்சிரும். ஆடிக் காத்துலயே மொத்த துணிக்கும் சாயம் போட்டு மடிச்சு வச்சிருங்க. அது முடியாதுன்னா ஆர்டரே எடுக்காதீங்க. சாயம் புடிக்கறதுக்கு போடற படிகாரம், கருப்பு சாயத்துக்கு துரு இரும்பு ஊற வச்ச துருத்தண்ணி, இந்த சட்டி ரெண்டயும் சின்னவன் கை எட்டாத எடத்துல வைங்க, சமையல் பாத்திரத்துல எக்காரணம் கொண்டும் காய்ச்ச வேண்டாம். மஞ்சத்தூள் சாயம் வெயில்ல வெளுத்துரும், மஞ்சளுக்கு மாதுளந்தோலே நிக்கும். இன்னொன்னு, மாம்பழக்கூழ் ஃபேக்டரி சீசன்ல தையல் அக்காங்க மாங்கா வேலைக்கு போயிடுவாங்க, அதனால மே ஜூன்ல தேதி சொல்லி எந்த ஆர்டரும் ஒத்துக்காதீங்க.

பாப்பாரப்பட்டி பொம்மைக்காரி
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓசூரக்கா கணக்க அப்படியே வீட்டுக்காரர் கிட்ட காட்டினேன், மனுசன் கால்குலேட்டர் எடுத்து திருப்பி போட்டு பாத்துட்டு சரின்னுட்டாரு. கடைக்காரருக்கு, 120 பொம்மை, 200 ரூபா, முழு இயற்கை சாயம், பாதி பணம் முன்னாடின்னு அனுப்பிட்டேன், இன்னும் பதில் வரல. வரலைன்னா போகட்டும். தாம்பூலப் பை யோசனை அத்தைக்கு ரொம்ப புடிச்சிருச்சு, அவங்களே காஜா எடுத்து தரேன்றாங்க, பைக்கு எதுக்கு காஜான்னு நான் கேக்கல 😄

கண்ணுக்கு பட்டன் வச்சது கெடையாதுங்க, சின்னவன் முழுங்கிருவான்னு முதல்ல இருந்தே நூல்தான்.

அரூர் அண்ணா, கருப்பு சாயத்துக்கு வெல்லமும் துரு இரும்பும் ஊற வச்சது புளிச்ச வாடை அடிக்குது, அலசின பிறகும் துணில லேசா நிக்குது. எத்தன தண்ணில அலசறீங்க?

அரூர்க்காரன்
வாடை போற வரைக்கும்தான், எண்ணறதில்ல. கடைசி தண்ணில ரெண்டு பூந்திக்கொட்டைய கசக்கி போட்டு அலசி, காத்தோட்டமா நிழல்ல ஒரு வாரம் தொங்கட்டும். துருத்தண்ணி ரொம்ப திக்கா விடாதீங்க, இரும்பு அதிகமானா பருத்தி நூலே இத்துப்போகும்.